டிரிஃப்ட் டைவ்: மிதவையா, நீவாடா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கடலின் ஓட்டம் கொண்டுபோகும் திசையிலேயே நீருக்கடியில் முக்குளித்துப் போவதுதான் டிரிஃப்ட் டைவ் (drift dive). அதற்குத் தமிழில் 'மிதவை முக்குளிப்பு' என்று முந்தைய மடலில் ஒரு பரிந்துரை வந்திருந்தது. 'முக்குளிப்பு' எனக்கு முழுச் சம்மதம். முத்துக்குளிப்பு, சங்குகுளிப்பு என்னும் சொற்களின் உறவு அதில் தெரிகிறது. 'மிதவை'தான் உறுத்துகிறது.

மெக்சிகோவின் கொசுமெல் தீவில் முக்குளித்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். யுகட்டான் கரைக்கும் தீவுக்கும் நடுவே நீர் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. பலன்கார் பவளத்திட்டின் ஒரு முனையில் நம்மை இறக்கிவிடுவார்கள். படகு நங்கூரம் போடாது. நாமும் காலில் மாட்டிய துடுப்பை அதிகம் உதைக்க வேண்டியதில்லை, நீரே கொண்டுபோகும். ரயில் சன்னலோரம் உட்கார்ந்தால் மரங்கள் நகருமே, அப்படிப் பவளமும் கடற்பஞ்சும் நகர்ந்துபோகும். நம் மூச்சுக் குமிழிகளைப் பார்த்தபடி படகு மேலே கூடவே வரும். முடிவில், மேலேறும் முன் பாதுகாப்புக்காக ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்போம். அப்போது காற்றடைத்த நீண்ட குழல் ஒன்றை மேலே விடுவார் வழிகாட்டி. படகுக்காரருக்கு அதுதான் அடையாளம்.

அங்கே மிதவை என்று சொல்லத் தகுந்தது அந்தக் குழல்தான். முக்குளிப்பவர் மிதக்கவும் கூடாது, அமிழவும் கூடாது. கட்டுப்பாடில்லாமல் மேலே போனால் நுரையீரலுக்கே ஆபத்து. கீழே இறங்கினால் பவளம் உடையும். கொசுமெல் கடல் பூங்காவில் கையுறைக்குக்கூடத் தடை, பவளத்தைத் தொடக் கூடாது என்பதற்காக. புதிதாகக் கற்பவருக்கு 'மிதவை' என்ற சொல் தவறான பாடம் சொல்லும்.

என் பரிந்துரை 'நீவாட்டு முக்குளிப்பு'. கடலின் ஓட்டத்தைத் தென்கடற்கரை மீனவர்கள் நீவாடு என்கிறார்கள். சோநீவாடு, வாநீவாடு என்று அதன் வகைகளுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். 'நீரோட்டம்' எல்லோருக்கும் புரியுமே என்று கேட்கலாம். சரி, புரியும். ஆனால் அது ஆற்றுக்கும் பொது, அரசியல் மேடையில் 'தேசிய நீரோட்டம்' வரை போய்விட்டது. நீவாடு கடலுக்கே உரியது. 'நீவாடு பார்த்து இறங்கு', 'நீவாட்டை எதிர்த்து நீந்தாதே' என்று பயிற்சியில் அப்படியே பேசலாம். அறியாதவர்களுக்கு ஒரு வரி விளக்கம் போதும்.

அப்புறம், நங்கூரமிடாமல் கூடவே வரும் படகுக்குத் 'தொடர்படகு' என்று எழுதிவைத்திருக்கிறேன். கடலோரத்தில் வளர்ந்தவர்களிடம் இதைவிட நல்ல சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.