நெடுந்தூரம் இழுக்க மூடிய டிரெய்லர்: யோசனை சொல்லுங்கள்

அண்ணன்மார்களே, அக்காமார்களே, வணக்கம். நானும் தம்பியும் சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறோம். மலேசியாவில் செப்பாங்குக்கும் பினாங்குக்கும் இரண்டு மோட்டார் சைக்கிள்களைத் திறந்த டிரெய்லரில்தான் இழுத்துப் போவோம். போன முறை யோங் பெங் தாண்டியதும் கொட்டிய மழையில் அப்பாவின் பழைய வண்டி ஊறிப்போய்ச் சங்கிலியில் துரு ஏறிவிட்டது. மனசே ஆறவில்லை. இனி மூடிய டிரெய்லர்தான்.

குழப்பமெல்லாம் வடிவத்தில்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்குப் போனாலே ஒன்றரை மடங்குக்கு மேல். அதனால் கூரை, காரின் உயரத்தை விட்டு அதிகம் எழும்பக்கூடாது என்று நினைக்கிறேன். வி வடிவ மூக்கு உண்மையிலேயே டீசலை மிச்சப்படுத்துகிறதா? அதைவிடப் பின்பக்கம் சரிந்து ஒடுங்கும் பெட்டி மேலா? எங்களுடையது 2 லிட்டர் டீசல் எஸ்யூவி.

அப்புறம், லாரி கடக்கும்போது டிரெய்லர் வாலாட்டுவதுதான் பெரிய பயம். பாரத்தை முன்னால் தள்ளி ஏற்றினால் ஆட்டம் குறையும், சரி. ஆனால் பக்கக்காற்றுக்கு ஒற்றை அச்சு தாங்குமா, இரட்டை அச்சே வேண்டுமா? துவாஸ் எல்லைச் சோதனைச் சாவடியில் திறந்து காட்டச் சொன்னால் வசதியாகப் பக்கக் கதவும் வைக்கலாமா?

இழுத்துப் பழகியவர்கள் வண்டி, டிரெய்லர் அளவு, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எழுதினால் பெரிய உதவி.