ஒரு காதல் கவிதைக்கு விமர்சனம் எழுத உதவி தேவை

வணக்கம். கிளிநொச்சியில் எங்கள் வாசகர் வட்டத்துக்காக, இளம் கவிஞர் ஒருவரின் பரிசோதனைக் காதல் கவிதையை விமர்சிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். நிறுத்தக்குறிகள் எவையுமின்றி, கோடையில் இரணைமடுக் குளம் வற்றுவதைப்போல வரிகள் படிப்படியாகச் சுருங்கி, இறுதியில் 'நீ' என்ற ஓரெழுத்தில் நின்றுவிடுகின்றன. பிரிவை இவ்வடிவமே உணர்த்திவிடுகிறது என்பது என் எண்ணம். படிமங்கள்தாம் இடறுகின்றன. காதலியின் தோள் பாலைமரமாகவும், அடுத்த வரியிலேயே குளத்தின் மிகைநீரைத் திறந்துவிடும் வான்கதவாகவும் மாறுகிறது (பின்னதை ஓசைக்காகவே சேர்த்தார் என்று சந்தேகிக்கிறேன்). அகப்பாடலில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய மரபாயிருக்க, இவரோ அப்பெயரை எழுதி, அதன்மேல் கோடிட்டு அடித்து, அப்படியே விட்டிருக்கிறார். இதனை மரபை மீறுவதாகக் கொள்வதா, அதற்குப் பணிவதாகக் கொள்வதா? புதுக்கவிதை விமர்சனத்தில் பயிற்சியுள்ளோர் தங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதினால் பேருதவியாக இருக்கும்.