மனநல கிளினிக்கின் தரத்தை யாரிடம் கேட்டு அளப்பது?

பேராதனை மாணவி:
முதுமாணிப் பட்டத்துக்கான ஆய்வு முன்மொழிவொன்றைத் தயாரித்து வருகிறேன். நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் அரச வைத்தியசாலைகளில் நடைபெறும் மனநல கிளினிக்குகளின் தரத்தைத் தோட்டப்புற நோயாளர்களிடமே கேட்டறிவது என் நோக்கம். மருந்தெடுத்துத் திரும்புவோரிடம் இருபது வினாக்களைக் கேட்டு, அவர்களது திருப்திக்கு ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி இடலாம் என எண்ணுகிறேன். மருத்துவச் சேவையின் தரத்தைக் கட்டமைப்பு, செயன்முறை, விளைவு என மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் வழியை மருத்துவத் தர ஆய்வாளர் அவெடிஸ் டொனபீடியன் 1966 இல் முன்வைத்தார். என் வினாக்கள் பெரும்பாலும் செயன்முறையை, அதாவது சிகிச்சை எப்படி அளிக்கப்படுகிறது என்பதைப் பற்றியவை. இம்முறையில் குறை கண்டால் தயங்காமல் எழுதுங்கள்.

ஹட்டன் தாதி (ஓய்வு):
பிள்ளை, உங்கள் முயற்சியை மதிக்கிறேன். ஆனால் இந்த வினாத்தாளால் நீங்கள் அறியப் போவது கிளினிக்கின் தரத்தை அல்ல, எங்கள் மக்களின் பணிவைத்தான். மனநலப் பிரிவில் நெடுங்காலம் வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன். மருந்துப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த மாதமும் இதே வாசலுக்கு வர வேண்டிய ஒரு தாய், வைத்தியசாலையின் வளவுக்குள் நின்றபடி "சேவை மோசம்" என்று சொல்வாளா? தோட்டத் துரைக்கும் கிளாக்கருக்கும் முன்னால் தலைமுறை தலைமுறையாகப் பழகிய அந்தப் பதில் உங்களுக்கும் கிடைக்கும்: "எல்லாம் நல்லந்தான்."

இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. கிளினிக்குக்கு வந்தவரிடம் மட்டுமே நீங்கள் கேட்கிறீர்கள். வராமல் போனவர் ஏன் வரவில்லை என்பதில்தான் தரத்தின் பாதிக் கதை இருக்கிறது. கிளினிக் நாளில் கொழுந்தெடுக்க மலைக்குப் போக முடியாது, அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும். நோயாளருடன் துணைக்கு வருபவருக்கும் அப்படியே. ஒரு நோயாளருக்காக ஒரு குடும்பம் இரண்டு பேரை இழக்கிறது.

எண்ணும் எழுத்தும்:
அம்மா சொல்வதில் உண்மை இருந்தாலும், அதிலிருந்து அளவீடே வேண்டாம் என்ற முடிவுக்குப் போய்விடக் கூடாது. இலங்கையின் 2005 ஆம் ஆண்டுத் தேசிய மனநலக் கொள்கை, சேவையைப் பெரிய மனநல வைத்தியசாலைகளிலிருந்து மாவட்டங்களுக்குப் பரவலாக்கியது. மனநல மருத்துவ அலுவலர்கள் சிறு வைத்தியசாலைகளுக்கும் சென்றது அந்த வழியில்தான். அது மலையகத்தில் எவ்வளவு பயன் தந்தது என்று கேட்டால் அனுபவக் கதைகளை மட்டும் மேசையில் வைக்க முடியாது. எண்ணிக்கை இல்லாத கோரிக்கையை எந்தத் திணைக்களமும் கோப்பில் இடாது.

ஆனால் திருப்தியை அளப்பதை நானும் ஏற்கவில்லை. விளைவை அளவிடுங்கள். ஓராண்டுக்குள் எத்தனை பேர் மீண்டும் வார்டில் அனுமதிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் வேலைக்குத் திரும்பினார்கள், தற்கொலை குறைந்ததா என்பவற்றைப் பாருங்கள். இவற்றில் பணிவுக்கு இடமில்லை.

ஹட்டன் தாதி (ஓய்வு):
தற்கொலையை எடுத்துக்காட்டியதால் கேட்கிறேன். 1995 அளவில் நம் நாட்டின் தற்கொலை வீதம் ஓர் இலட்சத்துக்கு 47 வரை உயர்ந்து, பின்னர் பெருமளவு வீழ்ந்தது. அந்த வீழ்ச்சிக்குக் கிளினிக்குகளா காரணம்? 1984 இலும் 1995 இலும் கடும் நச்சுத்தன்மையுள்ள பூச்சிகொல்லிகள் தடை செய்யப்பட்டன. 2008 முதல் படிப்படியாக, தேயிலை மலைகளில் புல்லுக்கு அடித்த பரகுவாட் என்ற களைகொல்லியும் நிறுத்தப்பட்டது. ஆய்வாளர்கள் முதன்மையான காரணமாகக் காட்டுவது அந்தத் தடைகளைத்தான். பூச்சிகொல்லிகளைத் தடை செய்த ஒரு பதிவாளரின் கையெழுத்துச் செய்த வேலையை எங்கள் கிளினிக்கின் புகழாகக் கணக்கிட எனக்கு மனம் வராது.

நோய் குணமாவதும் இப்படித்தான். ஆய்வாளர் நான்சி வாக்ஸ்லர் இங்கு 44 மனச்சிதைவு நோயாளர்களை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து 1979 இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுடைய நிலை தொழில்மய நாடுகளில் காணப்பட்டதைவிட நன்றாக இருந்தது. அதற்கான விளக்கத்தை அவர் குடும்பத்திலும் சமூகத்திலும் தேடினார். நல்ல விளைவு மோசமான கிளினிக்குக்கும் நற்சான்றிதழ் ஆகிவிடலாம்.

எண்ணும் எழுத்தும்:
அப்படியானால் தங்கள் மாற்றுவழிதான் என்ன? ஒருவர் வார்டில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதா? உளவியலாளர் டேவிட் ரோசன்ஹன் 1973 இல் போலி நோயாளர்களை அமெரிக்க மனநல வைத்தியசாலைகளுக்கு அனுப்பி எழுதிய கட்டுரை உலகையே உலுக்கியது. 2019 இல் ஊடகவியலாளர் சூசன்னா கஹலன் அதன் பின்னணியைத் துருவியபோது, கட்டுரையில் சொன்னவற்றுள் பல ஆவணங்களோடு பொருந்தவில்லை. உள்ளிருந்து பார்த்தேன் என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது.

பொகவந்தலாவை அண்ணன்:
நான் ஆய்வாளன் அல்லன். என் தம்பி ஒன்பது ஆண்டுகளாக மருந்து எடுக்கிறான். இரண்டு பஸ் மாறி நாங்கள் போகும் வைத்தியசாலையின் பெயர் இங்கு வேண்டாம். அங்கு இருந்த டொக்டர் நல்லவர், ஆனால் தமிழ் தெரியாது. தம்பி சொல்வதை அட்டென்டன் ஒருவர் சிங்களத்தில் சொல்வார். "ராத்திரியில யோசனையா இருக்கு" என்று தம்பி சொன்னான். எங்கள் பேச்சில் அது மனதை அரிக்கும் கவலை. அவருக்குப் போய்ச் சேர்ந்ததோ "ஏதோ திட்டம் யோசிக்கிறார்" என்பது போன்ற ஒன்று. அன்று மருந்தின் அளவு கூடியது. தம்பி மூன்று வாரம் எழும்பவே இல்லை. தமிழையும் அரச கரும மொழியாக்கிய 13 ஆம் திருத்தம் 1987 இல் வந்தது என்று பாடசாலையில் படித்தேன், பரீட்சைக்கும் எழுதினேன்.

அன்று வாசலில் நின்று நீங்கள் கேட்டிருந்தால், நானும் ஐந்துக்கு ஐந்து என்றுதான் சொல்லியிருப்பேன். பஸ் போய்விடும் என்ற அவசரம்.

பேராதனை மாணவி:
அண்ணன் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். திருப்தி வினாத்தாளைக் கைவிடுகிறேன். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது வினாப் பட்டியலைச் சேர்க்கும் எண்ணமும் இருந்தது. செயல்களில் ஆர்வம் குறைந்துள்ளதா என்ற அதன் முதல் வினாவைக் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவரிடம் கேட்டபோது, "ஆர்வம் இல்லாட்டி பெரட்டுக்குப் (காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகாம இருக்க முடியுமா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். நான் அப்போது அதை மறுமொழிப் பிழை என்று குறித்துக்கொண்டேன்.

ஒவ்வொரு நோயாளருக்கும் மருத்துவருடன் எத்தனை நிமிடம் கிடைத்தது, உரையாடல் எந்த மொழியில் நடந்தது, இடையில் மொழிபெயர்த்தவர் யார் என்பனவற்றை இப்போது பதியலாமா? இவை செயன்முறைக்குள் அடங்கும், எண்ணவும் முடியும்.

எண்ணும் எழுத்தும்:
மொழியைப் பதிவதை முழுமனதோடு ஏற்கிறேன். நான் கேட்ட எண்ணிக்கை இதுதான். ஆனால் வராதவர்களின் சிக்கல் அப்படியே இருக்கிறது.

ஹட்டன் தாதி (ஓய்வு):
அதற்கு ஒரு வாசல் உண்டு. மாதந்தோறும் அல்லது இரு வாரங்களுக்கு ஒருமுறை ஊசி போடும் நோயாளர்களுக்கு எங்களிடம் தனிக் கொப்பி இருந்தது. நாள் தவறியவரின் பெயர் அதில் வெறுமையாகத் தெரியும். அந்த வெற்றுக் கட்டங்களிலிருந்து ஆய்வைத் தொடங்குங்கள். கிளினிக்கில் நிற்பவர்களைப் பிறகு பார்க்கலாம்.

எண்ணும் எழுத்தும்:
யாரைக் கேட்பது என்பதற்கு நல்ல பட்டியல். நெறிக்குழுவின் அனுமதி பெற்று, அந்தப் பெயர்களுக்குக் கடிதம் அனுப்பலாம்.

பொகவந்தலாவை அண்ணன்:
கடிதம் வேண்டாம் ஐயா. எங்கள் லயன் காம்பராவுக்கு (தோட்டத்து வரிசை வீட்டு அறைக்கு) தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் எழுதினால் கடிதம் ஒபிசுக்குப் போகும். அங்கிருந்து யார் கையிலாவது வரும். மனநல கிளினிக் முத்திரை குத்திய உறை தம்பியின் பெயருக்கு வந்தால், அவனுக்குத் தெரியும் முன்பே பிரட்டுக்களத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெரிய மனநல வைத்தியசாலை இருக்கும் அங்கொடையை வைத்து, "அங்கொடைக்குப் போக வேண்டியவன்" என்ற பேச்சை இன்னும் கேட்கிறோம்.

பேராதனை மாணவி:
அப்படியென்றால் கடிதம் இல்லை, முத்திரையும் இல்லை. தாதியம்மா, ஊசிக் கொப்பியில் தொலைபேசி இலக்கத்துக்கு இடம் உண்டா?

ஹட்டன் தாதி (ஓய்வு):
என் காலத்தில் இருக்கவில்லை. நாங்களே ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தோம். யாருடைய இலக்கம் என்பதையும் சேர்த்து எழுதுவோம்; பெரும்பாலும் அது கொழும்பில் கடையில் நிற்கும் மகனுடையதாக இருக்கும்.