குறைந்த செலவில் கார் ரேஸ்: மலையேற்ற ஓட்டத்திலிருந்து தொடங்குங்க

மூன்று ஊர் அண்ணன்மார் சொல்றாங்க.

நுவரெலியாவிலிருந்து:
ஏப்ரல் வசந்த காலம் நெருங்கினாலே "ரேஸுக்கு என்ன கார் வாங்கலாம் அண்ணே?" என்று தம்பிமார் கேட்பாங்க. முதலில் எந்தப் போட்டி என்று முடிவெடுங்க. காசு குறைவென்றால் மலையேற்ற ஓட்டம்தான் (மேட்டுப் பாதையில் காரை வேகமாக ஏற்றும் ஹில் கிளைம்ப்) சரி. 1934இல் தொடங்கிய மஹகஸ்தொட்ட ஓட்டம் நம்ம ஊரிலேயே இருக்கு. ஒவ்வொரு காராகத்தான் விடுவாங்க, போட்டி நேரத்தோடு மட்டும். யாரும் வந்து இடிக்க மாட்டாங்க. தூரமும் குறைவு, டயர் தேயாது. கிரகரி வாவி வீதி ஓட்டம், தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் மண் பாதை ஓட்டம் இரண்டுக்கும் பம்பர், கதவு, சஸ்பென்ஷன் என்று தனிக் காசு வேணும்.

நிசான் மார்ச் கே11 போல 1000 சிசி கார் போதும். போட்டி விதியை வாசிக்காமல் ஒரு போல்ட்டைக்கூட மாற்றாதீங்க. போட்டி வகுப்பு (எந்தக் கார்களோடு ஓடுவது என்ற பிரிவு) மாறிப்போனால் பெரிய எஞ்சின்களோடு ஓட வேண்டிவரும்.

ஹட்டனிலிருந்து:
முதல் காசு பிரேக்குக்கு. எஞ்சினுக்கு அப்புறம் பார்க்கலாம். பிரேக் ஒயில் ஈரத்தை இழுக்கும். புது டொட் 4 ரக பிரேக் ஒயில் குறைந்தது 230 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கிடும். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், மிதி தரை வரை போகும். போட்டிக்கு முன் முழு ஒயிலையும் மாற்றி, நாலு சில்லின் பிரேக்கிலும் ஒயிலோடு நிற்கும் காற்றை வெளியேற்றுங்க. எந்தச் சில்லு முதலில் என்பதை அந்தக் காரின் கைநூலில் பாருங்க. பிறகு எஞ்சினை ஓடவிட்டு மிதியை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. மெல்ல இறங்கினால் கசிவு, இல்லாட்டி மாஸ்டர் சிலிண்டர் (மிதியை அழுத்த ஒயிலைத் தள்ளும் பம்ப்) ரப்பர் போயிருக்கு.

பயிற்சிக்கு ரதெல்ல குறுக்குப் பாதைப் பக்கம் போகாதீங்க தம்பி. எத்தனை உயிர் போன பாதை அது.

பண்டாரவளையிலிருந்து:
கார்பரேட்டர் காருக்கு ஒரு விஷயம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். காற்றின் அடர்த்தி கடற்கரையை விட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கீழ்நாட்டு ஜெட்டோடு (கார்பரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் சிறு துளை) வந்தால் பெற்றோல் கூடிப் போகும், கார் இழுக்காது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்க: கரி போலக் காய்ந்த கறுப்பென்றால் மெயின் ஜெட்டை ஒரு அளவு குறைங்க. இளம் பழுப்பு வந்தால் போதும். வெள்ளையாக வெளுத்தால் பெற்றோல் போதவில்லை, பிஸ்டன் உருகலாம். அவிசாவளைப் பக்கம் இறங்க முன் பழைய ஜெட்டைக் கட்டாயம் திருப்பிப் போடுங்க.

நாலு இடத்தில் பூட்டும் ரேஸ் பெல்ட்டின் தோள் பட்டிகளைக் காரின் தரையில் பூட்டச் சொல்லும் கராஜ் பாஸ்மார் இருக்காங்க, விடாதீங்க. மோதும்போது அது முதுகெலும்பைக் கீழே அமுக்கும். தோளுக்குப் பின்னால் ஏறக்குறைய நேர்மட்டமாகப் போகணும், அதற்குக் குறுக்குக் கம்பி வேணும். அதற்குக் காசு சேரும் வரை, விதி அனுமதித்தால், காரோடு வந்த பெல்ட்டே மேல். பற்றரியை இரும்புப் பட்டியால் இறுக்குங்க. ஸ்பெயார் சில்லு, ஜக், கால்மிதி எல்லாம் வெளியே. பழைய ஹெல்மெட் வேண்டவே வேண்டாம். அடிபட்டு உள் நுரை நசுங்கியிருந்தாலும் வெளியே தெரியாது.