நாய்க்கு வீட்டிலேயே நகம் வெட்டுகிறவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கறுப்பன் வீட்டுக்காரர், கோவை:
எங்கள் லாப்ரடாருக்கு எல்லா நகமும் கறுப்பு. தார் ரோட்டில் நடக்கிற நாய்க்கு நகம் தானாகத் தேய்ந்துவிடும் என்பார்கள். பாதிதான் உண்மை. முன்னங்காலின் உள்பக்கம் தரையில் படாமல் மேலே நிற்கிற கட்டைவிரல் நகம் எவ்வளவு நடந்தாலும் தேயாது. கவனிக்காமல் விட்டால் வளைந்து சதைக்குள் இறங்கும். மற்ற நகங்கள் டைல்ஸ் தரையில் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்தால் வெட்டிவிடலாம்.

கறுப்பன் கிளிப்பரைக் கண்டாலே கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வான். அதனால் கொஞ்ச காலம் வெட்டுகிற பேச்சே எடுக்கவில்லை. சாயங்காலம் டிவி பார்க்கும்போது பாதத்தைப் பிடிப்பேன், விரலை லேசாக அழுத்தி நகத்தை முன்னே தள்ளுவேன், விட்டுவிட்டு ஒரு துண்டு வேகவைத்த ஈரல் கொடுப்பேன். அவ்வளவுதான். அப்புறம் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவி, அவன் பக்கத்தில் உட்கார்ந்து கிளிப்பரால் நறுக்குவேன். அந்த 'டிக்' சத்தத்துக்குத்தான் பயந்திருக்கிறான். சத்தம் கேட்டால் ஈரல் வரும் என்று தெரிந்ததும் அவனே வந்து உட்கார்ந்துவிட்டான்.

கறுப்பு நகத்தில் ரத்தக்குழாய் எதுவரை இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் பாக்கு சீவுவது போல நுனியிலிருந்து மெல்லிசாகச் சீவிக்கொண்டு வரவேண்டும். ஒவ்வொரு சீவலுக்கும் வெட்டிய இடத்தை உற்றுப் பாருங்கள். முதலில் உலர்ந்து வெளுப்பாக இருக்கும். நடுவில் கொஞ்சம் ஈரமாக, கருத்த ஒரு புள்ளி தெரிந்தால் அந்த நகத்தை வெட்டுவதை அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்து இருப்பது ரத்தமும் நரம்பும். நகம் ரொம்ப நீண்டுவிட்டால் ரத்தக்குழாயும் கூடவே நீண்டிருக்கும். ஒரே மூச்சில் குட்டையாக்கப் பார்க்காதீர்கள். வாரா வாரம் நுனி மட்டும் எடுத்து வந்தால் அதுவும் மெல்லப் பின்வாங்கும். நாலு காலையும் ஒரே நாளில் முடிக்கவேண்டும் என்று சட்டமா என்ன?

ராஜபாளையம் வளர்ப்பவள், விருதுநகர்:
ஈர்க்குச்சி யோசனை நன்றாக இருக்கிறது அண்ணா. எங்களுக்கு அந்த விஷயத்தில் சுலபம், வெள்ளை நகம். செல்போன் டார்ச்சை நகத்துக்குப் பின்னால் பிடித்தால் ரோஸ் கலர் எங்கே முடிகிறது என்று அப்படியே தெரியும். அதிலிருந்து இரண்டு மில்லிமீட்டராவது விட்டு, சரிவாக வெட்டுவோம். கிளிப்பர் முனை மழுங்கினால் தயங்காமல் மாற்றிவிடுங்கள். மழுங்கினது நகத்தை வெட்டாது, நசுக்கும். ரத்தமே வராவிட்டாலும் நாய் கத்தும். நாம் வெட்டுகிற சின்ன நகவெட்டியும் பெரிய நாய்க்கு அதே கதைதான்.

ரத்தம் வந்தால் வைக்க ஸ்டிப்டிக் பவுடர் ஒரு டப்பா பக்கத்திலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் சோளமாவை (கார்ன்ஃப்ளோர்) நகத்தின் மேல் வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடிக்கலாம். என் மாமியார் மஞ்சள்தான் வைக்கச் சொல்வார். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை, தரை முழுக்க மஞ்சள் கால்தடம்தான் மிச்சம்.

டைகர் அம்மா, செங்கல்பட்டு:
ரத்தம் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். போன வெயில்காலத்தில் எங்கள் டைகருக்கு நகம் வெட்டும்போது லேசாகக் கசிந்தது. வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். அன்று மாவு வைத்து அழுத்தியும் அரைமணி நேரம் தாண்டியும் நிற்கவில்லை. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் நகத்தைப் பார்த்ததைவிட ஈறையும் வயிற்றுத் தோலையும்தான் அதிக நேரம் பார்த்தார். அங்கங்கே சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். ரத்தப் பரிசோதனையில், ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் ரொம்பக் குறைவு. உண்ணி கடித்து வருகிற உண்ணிக்காய்ச்சல். அதற்கு முன்னால் சரியாகச் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்ததை வெயில் என்று நினைத்திருந்தோம். மாத்திரை கொடுத்துத் தேற்றிவிட்டோம். ஆகவே சின்ன நகக் காயத்தில் ரத்தம் நிற்காவிட்டால் பவுடரையே நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். உண்ணி அதிகமுள்ள நாயென்றால் இன்னும் கவனம்.

புதிதாக வந்தவன், மதுரை:
எங்கள் சிப்பிப்பாறை பாதத்தைத் தொட்டாலே உறுமுகிறது. வாயைத் துணியால் கட்டிவிட்டு வெட்டலாமா?

கறுப்பன் வீட்டுக்காரர், கோவை:
துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள் தம்பி. நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும், மதுரை வெயிலில் அதுவே ஆபத்தாகிவிடும். வாயைத் திறக்க இடமுள்ள கூடை வடிவ வாய்மூடி கடையில் கிடைக்கும், அதையும் முதலில் தின்பண்டம் வைத்துப் பழக்குங்கள். உறுமுகிற நாளில் விட்டுவிடுங்கள். தொடர்ந்து அப்படியே இருந்தால் பாதத்தில் வலியிருக்கிறதா என்று டாக்டர் பார்க்கட்டும். தேவையென்றால் முன்கூட்டியே கொடுக்க, பயத்தைத் தணிக்கிற மாத்திரை அவரே எழுதித் தருவார், நாமாக எதுவும் கொடுக்கக்கூடாது. தப்பித்தவறிப் பல் பட்டுவிட்டால், தடுப்பூசி போட்ட நாயானாலும், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.