டெக் கம்பெனி வேலையில் பிடித்தது எது, பிடிக்காதது எது? விவரமாகப் பேசுவோம்

பேக்எண்ட் டெவலப்பர்:

"சம்பளம் நல்லது, மீட்டிங் அதிகம்" என்று நிறுத்திக்கொள்ளாமல், எது ஏன் பிடிக்கிறது, எந்த இடத்தில் கெடுகிறது என்று எழுதுங்கள். நான் தொடங்குகிறேன்.

எழுதியது அன்றைக்கே ஓடுவதைப் பார்ப்பதுதான் இந்த வேலையின் பெரிய சந்தோஷம். காலையில் பிடிபட்ட பக் (நிரலில் உள்ள தப்பு), மதியம் ரிவ்யூ (சக ஊழியர் நிரலைச் சரிபார்ப்பது), சாயங்காலம் புரொடக்‌ஷனில் (பயனர்கள் பயன்படுத்தும் நிஜ சர்வீஸில்) எரர் கிராஃப் சரிகிறது. அந்த திருப்திக்கு ஈடு கிடையாது. அதைப் பறிப்பது மெதுவான பில்டும் (நிரலை ஓடும் வடிவத்துக்குத் தொகுப்பது), நம்ப முடியாத டெஸ்டும் (நிரலைத் தானாகச் சோதிப்பது).

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டெஸ்ட் ஆயிரம் தடவைக்கு ஒரு தடவை காரணமில்லாமல் ஃபெயில் ஆகிறது. கேட்டால் அற்பம். அப்படிப்பட்ட 1,000 டெஸ்ட் இருந்தால், கோடில் (நிரலில்) ஒரு தப்பும் இல்லாமலே ஒவ்வொரு ரன்னிலும் ஏதாவது ஒன்று விழ 63 சதவீத வாய்ப்பு. பைப்லைன் (பில்டையும் டெஸ்டையும் வரிசையாக ஓட்டும் அமைப்பு) அரை மணி நேரம் ஓடும் என்றால் பாதி நாள் அதிலேயே போய்விடும். கொஞ்ச நாளில் எல்லோருக்கும் ரீரன் பட்டனை அழுத்துவது பழக்கமாகிவிடும். நிஜ பக் வரும்போதும் கை அதே பட்டனுக்குத்தான் போகும்.

காரணங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான்: பதில் வரும்வரை காத்திராமல் "இரண்டு வினாடி தூங்கு" என்று எழுதியது, இரண்டு டெஸ்ட் ஒரே டேட்டாபேஸ் வரிசையைத் தொடுவது, ஒன்று ஓடிய பிறகுதான் இன்னொன்று பாஸாவது, நள்ளிரவிலும் மாதக் கடைசியிலும் மட்டும் உடையும் தேதிக் கணக்கு. அப்படிப்பட்ட டெஸ்டைக் கண்ட அன்றே தனி ஜாபுக்கு ஒதுக்கி, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று போட வேண்டும். தேதி தாண்டினால் அழித்துவிடலாம். மூன்று தடவை தானாக ரீட்ரை செய்யச் சொல்லி செட்டிங் போடுவது மட்டும் வேண்டாம். ரேஸ் கண்டிஷன் (எது முதலில் முடிகிறது என்பதைப் பொறுத்து வரும் தப்பு) ப்ராடக்ட் கோடிலேயே இருந்தால் அதையும் சேர்த்து மறைத்துவிடும்.

ஆன்-கால் பக்கம் இருப்பவர்:

டெஸ்ட் பகலில் வாட்டும். பேஜர் (சர்வீஸ் கெட்டால் ஆளை அழைக்கும் அலர்ட், அதாவது பேஜ்) ராத்திரியில் வாட்டும். ஆனால் ஆன்-கால் முறையை (சுழற்சி முறையில் எந்நேரமும் அழைப்புக்குத் தயாராக இருப்பதை) வெறுப்பவர்களில் பலர் உண்மையில் வெறுப்பது மோசமான அலர்ட்டைத்தான்.

சர்வீஸ் 99.9 சதவீதம் இயங்கும் என்று வாக்குக் கொடுத்தால் 30 நாளில் 43 நிமிடம் கீழே இருக்கலாம். 99.99 என்றால் நாலே கால் நிமிடம் சொச்சம். தூக்கத்தில் இருப்பவர் எழுந்து, லேப்டாப் திறந்து, விபிஎன் போட்டு, டாஷ்போர்டைப் பார்ப்பதற்குள் அந்த நாலு நிமிடம் தீர்ந்துவிடும். ஆகவே 99.99 கேட்கும் மேனேஜரிடம் தானியங்கி ரோல்பேக்குக்கு (பழைய வெர்ஷனுக்குத் தானாகத் திரும்புவதற்கு) நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். மனிதரை எழுப்பி அந்த இலக்கை எட்ட முடியாது.

"சிபியு 90 சதவீதம்" என்று பேஜ் அனுப்புவது வீண். பயனருக்குப் பதில் சரியாகப் போகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு மணி நேரத்தில் மாத எரர் பட்ஜெட்டில் (மேலே சொன்ன 43 நிமிடம் போல, அனுமதிக்கப்பட்ட தோல்வி அளவில்) 2 சதவீதம் கரைந்தால் எழுப்பு என்று வைப்பது நல்ல தொடக்கம். அதாவது பட்ஜெட் சரியாக மாதம் முழுக்க நீடிக்கும் வேகத்தைப் போல 14.4 மடங்கு. 99.9 இலக்குக்கு அது 1.44 சதவீத ரிக்வெஸ்ட் தோல்வி. அதைவிட மெதுவாகக் கசிவது காலையில் பார்க்கும் டிக்கெட்டாக இருக்கட்டும். சுழற்சியில் ஆறு பேருக்குக் குறைந்தால் எந்த விதி வைத்தாலும் ஆள் களைத்துப்போவார்.

பிடித்த விஷயத்தையும் சொல்கிறேன்: யாரையும் பழி சொல்லாத போஸ்ட்மார்ட்டம் (கோளாறு முடிந்தபின் காரணத்தை ஆராய்ந்து எழுதுவது). 2017 ஜனவரி 31 அன்று கிட்லேபில் (கோடைச் சேமித்துவைக்கும் தளம்) நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ரெப்ளிகாவின் (பிரதி டேட்டாபேஸின்) டேட்டா டைரக்டரியை அழிப்பதாக நினைத்து ஒரு இன்ஜினியர் பிரைமரியில் (மூல டேட்டாபேஸில்) கமாண்ட் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜிபி போயிற்று. பேக்கப்பைத் தேடினால் ஒன்றுமில்லை. டேட்டாபேஸ் சர்வர் போஸ்ட்கிரஸ் 9.6, ஆனால் டம்ப் (பேக்கப் நகல்) எடுத்த கருவி 9.2, ஆகவே அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மெயில்களையும் மெயில் சர்வர் நிராகரித்துவிட்டது. ஆறு மணி நேரம் முன்பு யதேச்சையாக எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே பொதுவில் எழுதினார்கள். அழித்தவரைத் திட்டிவிட்டு நகர்ந்திருந்தால் டம்ப் கருவியின் வெர்ஷன் கோளாறு அப்படியே இருந்திருக்கும்.

டேட்டாபேஸ், மைக்ரேஷன் வேலை:

எனக்குப் பிடித்தது, சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடியில் இருப்பதை மாற்றுவது. ஒரு டேபிளின் நெடுவரிசைப் (column) பெயரை மாற்றுவது ஒரே வரி என்று வெளியே நினைப்பார்கள். டிப்ளாய் (புதிய கோடை சர்வரில் ஏற்றுவது) நடக்கும்போது பழைய கோடும் புதிய கோடும் சில நிமிடம் சேர்ந்தே ஓடும்; நேரடியாகப் பெயர் மாற்றினால் பழையது அந்தக் கணமே உடையும். அதனால் முதலில் புதிய நெடுவரிசையை, காலியாக (null) இருக்கலாம் என்ற அனுமதியோடு சேர்க்க வேண்டும். பிறகு கோடு இரண்டிலும் எழுத வேண்டும். அடுத்து பழைய வரிசைகளைச் சில ஆயிரம் சில ஆயிரமாக, இடையில் ரெப்ளிகா பின்தங்குகிறதா என்று பார்த்து நிரப்ப வேண்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, படிப்பதைப் புதியதற்கு மாற்றி, பழையதில் எழுதுவதை நிறுத்தி, ஒரு வாரம் விட்டு டிராப் (பழையதை நீக்குவது). ஒவ்வொன்றும் தனி டிப்ளாய், டிராப்புக்கு முன்னால் வரை பின்வாங்கவும் வழி உண்டு. பழையதில் எழுதுவதை நிறுத்துவதையும் படிப்பதை மாற்றுவதையும் ஒரே ரிலீஸில் செய்வதுதான் வழக்கமான சறுக்கல்: ரோல்பேக் செய்தால் இடைப்பட்ட டேட்டா பழைய நெடுவரிசையில் இருக்காது.

பிடிக்காதது, இந்த ஆறேழு பிஆர்களும் (சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோடு மாற்றங்களும்) ரிவ்யூவில் தூங்குவது. ஆள் மாற்றினால் தீராது, அளவை மாற்றுங்கள். 200 வரிக்குள், ஒரே நோக்கம், பெயர் மாற்றம் தனி, நடத்தை மாற்றம் தனி. இடைவெளி, கமா பற்றிய கமெண்ட்டுகளை ஃபார்மேட்டர் பார்த்துக்கொள்ளட்டும். 2,000 வரி பிஆர் வந்தால் "பார்த்தேன், நல்லா இருக்கு" என்ற பதில்தான் கிடைக்கும். அது ரிவ்யூவே இல்லை.

டீம் லீட்:

நான் கொஞ்சம் கசப்பானதைச் சொல்ல வேண்டும். மேலே மூவரும் எழுதிய வேலைகள் ப்ரோமோஷன் பேப்பரில் தெரிவதில்லை. புது ஃபீச்சர் தெரியும். விழாத சர்வீஸ் தெரியாது. நல்ல இன்ஜினியர்கள் மனம் நொந்து போவது பெரும்பாலும் இங்கேதான், எனக்கு இது நியாயமாகவே படவில்லை. செய்யக்கூடியது: வேலைக்கு முன்னும் பின்னும் எண்ணை எடுத்து வைப்பது. பைப்லைன் 34 நிமிடத்திலிருந்து 11 நிமிடம், வாரத்துக்குப் பேஜ் இத்தனையிலிருந்து இத்தனை என்று. முன்னே எடுக்காத எண்ணைப் பின்னால் எடுக்க முடியாது. வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கி லிங்க்கோடு எழுதி வைத்தால், ரிவ்யூ காலத்தில் ஞாபகத்தைத் துழாவ வேண்டியதில்லை.

பங்கு பற்றி ஒரு வார்த்தை: ஆர்எஸ்யு (சம்பளத்தோடு சேர்த்துத் தரும் கம்பெனிப் பங்கு) பரவலாக நாலு வருடத்துக்குப் பிரித்துத் தருவார்கள், பல இடங்களில் முதல் வருடம் முடியும்வரை ஒன்றும் கைக்கு வராத ஷரத்து இருக்கும். அங்கே பதினோராம் மாதம் விலகினால் பூஜ்யம். நாலாம் வருடத்துக்குப் பிறகு புதிதாகத் தருவார்களா என்று சேரும் முன்பே எழுத்தில் கேளுங்கள். இல்லாவிட்டால் ஐந்தாம் வருடம் மொத்த வருமானம் சட்டென்று இறங்கும்.

ஆன்-கால் பக்கம் இருப்பவர்:

லீட் சொன்னதோடு சேர்த்து, இன்டர்வியூ கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்கணுமா?" என்பார்களே, அப்போது மூன்றைக் கேளுங்கள். ஒரு வரி மாற்றம் மெர்ஜ் ஆகி (முக்கியக் கோடில் சேர்ந்து) புரொடக்‌ஷனுக்குப் போக எவ்வளவு நேரம்? கடைசியாக எப்போது ரோல்பேக் செய்தீர்கள், எத்தனை நிமிடம் ஆனது? போன வாரம் ராத்திரி எத்தனை பேஜ்? அந்த டீமில் வேலை செய்பவர் என்றால் உடனே பதில் சொல்வார். மேனேஜரிடம் மட்டும் கேட்காமல், சுழற்சியில் இருக்கும் ஒருவரிடமும் தனியாகக் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.