ஜெல் மெழுகுவத்தியில் குமிழி, கலங்கல்: வழி சொல்லுங்களேன்

வணக்கம். தீபாவளிக்குக் கொடுக்க, சிப்பியும் மணலும் வைத்த ஜெல் மெழுகுவத்திகள். தெளிவுதான் இதன் அழகே, அது வர மாட்டேன் என்கிறது.

செய்முறை: கண்ணாடிக் குவளைக்கு 200 கிராம் ஜெல். தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்தால் சூடு போதாது என்பதால், கனமான பாத்திரத்தில் நேரடியாக மிதமான சூட்டில், வெப்பமானி வைத்து 95 டிகிரி. வாசனை எண்ணெய் 6 கிராம், அதாவது 3 விழுக்காடு. துத்தநாகக் கம்பி உள்ள திரி. பருத்தித் திரியில் பூசிய மெழுகு ஜெல்லைக் கலக்கிவிடும். குவளையை 65 டிகிரிக்குச் சூடாக்கி, மெதுவாக ஊற்றல்.

மேல்பகுதி தெளிவு. சிப்பியைச் சுற்றி மட்டும் மறுநாள் குமிழிகள். சிப்பிக்குள் காற்றோ ஈரமோ தங்கியிருக்க வேண்டும். நம் சிங்கப்பூர் ஈரப்பதத்தில் வெயிலில் காயவைத்தது போதவில்லை. முதலில் உருகிய ஜெல்லில் முக்கி எடுத்தால் தீருமா? ஆறிய குவளையை 80 டிகிரி மின்அடுப்பில் (oven) வைத்துக் குமிழியை வெளியேற்றியவர்கள், எத்தனை நிமிடம் வைத்தீர்கள்?

இன்னொன்று முக்கியம். வாசனை எண்ணெய் ஜெல்லில் கரையுமா என்று பார்க்க, அது ஒரு பங்கு, ஜெல்லின் மூலப்பொருளான மினரல் ஆயில் மூன்று பங்கு கலந்தால், என்னிடமுள்ள மல்லிகை பால்போல் கலங்குகிறது. கரையாத எண்ணெய் ஜெல்லில் தனியே தேங்கித் தீப்பற்றும், அதனால் அது வேண்டாம். ஜெல்லுக்கென்றே உள்ள, தீப்பற்றுநிலை (ஆவி தீப்பற்றத் தொடங்கும் சூடு) 77 டிகிரிக்கு மேற்பட்ட மல்லிகை வாசனை சிங்கப்பூரில் சிறு புட்டியாக எங்கே கிடைக்கும்? தேக்கா பக்கம் என்றால் இன்னும் நல்லது.